மாடி அறைக்கு ஒரு நிபந்தனை

“அந்த ஸ்பீக்கரை முழுச் சத்தத்துல வைங்க,” என்றாள், மாடி அறையை வாடகைக்குப் பார்க்க வந்தவள்.

அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று புரோக்கர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரர் நெளிந்தார். “வேண்டாம்மா. மேல யாரும் நிலைக்காததே இதனாலதான்.”

“அதான் இப்பவே கேட்டுடறேன். வைங்க.”

ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடத் தொடங்கியதும், அவள் மாடிக்குப் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். தபேலா தரைவழியே முதுகில் ஏறியது. பாடகி மூச்சு இழுப்பதுகூட ஜன்னல் வழியே கேட்டது.

சிவந்த கண்களோடு இறங்கி வந்தவளைப் பார்த்ததும், “இனிமே ஹெட்போன் போட்டுக்கறேன்மா,” என்றார் அவர், கும்பிடாத குறையாக.

“போட்டீங்கன்னா அன்னைக்கே காலி பண்ணிடுவேன். எங்க வீட்ல முதமுதல்ல படிச்சவ நான். படிப்பு கெட்டுடும்னு ரேடியோவைக்கூடத் தொட விடல.”

முறைத்துவிட்டு, பெட்டி படுக்கையை எடுத்துவரக் கிளம்பினாள்.