ஒற்றை அடுப்பு

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வயிற்றுக்குள்ளே, ஒரு நல்ல கிருமி இருந்தாளாம். வயிற்றுக்காரி பூவிழிக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் தீராத அசதி. ஊரெல்லாம் அவள் காலைத்தான் சோம்பேறி என்றது. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட வாசல் வரை போகக்கூட அந்தக் காலால் முடியவில்லை.

"அடி சோம்பேறி! தெம்பு ஆக்கித் தராம உள்ளே தூங்குறியா?" என்று ஒருநாள் அந்தக் கால் கிருமியிடம் கத்தியது.

"தூக்கமா அண்ணே? அந்தக் காய்ச்சலுக்கு முன்னாடி இங்கே தெம்பு ஆக்க நூறு அடுப்பு எரிஞ்சது. இப்போ நான் ஒருத்திதான். உங்களுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கேன். வாசல் வரைக்கும் தாங்கும்."

கால் கூசிப்போனது. "திரும்பி வர, தாயி?"

"பாப்பாவுக்கு டாட்டா காட்டுற வரைக்கும் நில்லுங்க. அதுக்குள்ள இன்னொரு கரண்டி ஆக்கிடுறேன்."

உள்ளே கிருமியின் உலை தளும்பிவிடக் கூடாதே என்று, கால் மெல்ல மெல்ல வாசலுக்கு நடந்தது.