புனிதமக்காவின் சாபம்

"என்ரை வலையிலை பட்ட மீனைக் கழட்டிக்கொண்டு போனவன் நல்லாயிருப்பானோ? அந்த வின்சன் நாசமாய்ப் போக!"

காலையிலிருந்து புனிதத்தின் வாய் ஓயவில்லை. முல்லைத்தீவுக் கரையில் அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கட்டின பாவத்துக்கு யாக்கோப்பு அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேறு கவலை. கரைப் பெடியள் கொதித்துப்போய் நின்றார்கள். நாளை விடிய வின்சனின் வள்ளத்தைக் கொத்திப் பிளக்கப்போகிறார்களாம்.

"வள்ளம் போனால் அதுகள் எப்பிடிச் சீவிக்கிறது, புனிதம்? அவன்ரை பெஞ்சாதி யதுசா வேறை வயித்திலை பிள்ளையோடை."

"களவெடுக்கேக்கை அது தெரியேல்லையோ?"

பொழுதுபட்டதும் செபத்துக்கு வேதாகமத்தை விரித்தாள். வேணுமென்றே காயின் கதை. தம்பியைக் கொன்ற காயினை ஆண்டவர் சபிக்கிற இடத்தில் குரல் உச்சத்துக்குப் போனது. பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். அதோடு டப்பென்று மூடினாள்.

"மிச்சத்தையும் வாசியன். காயினை ஒருத்தரும் கொல்லக்கூடாதெண்டு ஆண்டவர் அவனிலை ஒரு அடையாளம் போட்டவரெல்லோ?"

"போட்டவர். அதுக்கு?"

"சபிச்சவரும் அவர், காப்பாத்தினவரும் அவர். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"பேசாமல் புட்டைச் சாப்பிடுங்கோ!"

விடிய எழும்பினால் ஆளைக் காணவில்லை. வின்சனைப் பற்றி மாதாவிடமும் முறையிடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு யாக்கோப்பு கரைக்கு ஓடினார்.

கோடாலியோடு வந்த பெடியள் வள்ளத்தைச் சுற்றி விறைத்துப்போய் நின்றார்கள். வள்ளத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்னடா நடந்தது?"

பெடியளில் ஒருவன், மதுசன், தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, இதிலை அக்கான்ரை பேர் கிடக்கு. ஆர் தொடுறது? நாங்கள் இந்த ஊரிலை இருக்கவேண்டாமோ?"

வள்ளத்தின் முன்பக்கம், இரண்டு புறமும், ஈரம் காயாத சிவப்புப் பெயின்ற்றில் கொட்டை எழுத்து: புனிதம்.

யாக்கோப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குசினிக்குள் ஏச்சுப் பாட்டு இன்னும் முடியவில்லை.

"அந்தக் கள்ளன் விளங்கவே மாட்டான்!"

தேத்தண்ணி நீட்டிய கையில் விரலெல்லாம் சிவப்பு.

"அப்ப, அவனை மன்னிச்சிட்டியோ?"

"ஆர் மன்னிச்சது? மத்தியானம் போய் இன்னும் நல்லா ஏசப்போறன். அதுக்கு அவன் இந்தக் கரையிலை இருக்கவேணுமெல்லோ!"