கண்ணைத் திறந்து ஏறியவள்

"துணையாள் வேண்டாம் சார். நீங்க உங்க வரிசை வர்றப்ப ஏறுங்க" என்று விமான நிலையப் பணிப்பெண் சவரிமுத்துவைத் தடுத்தாள். அவருடைய மனைவி ரெஜினாவைச் சுமந்துகொண்டு, இயந்திரக் கைகள் வைத்த புது நாற்காலி விமானப் படிகளில் தானே ஏறிக்கொண்டிருந்தது.

ரெஜினாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கல்யாணமானதிலிருந்து விமானம் ஏறும்போதெல்லாம் அவர்தான் அவளைத் தூக்கிப் போய் இருக்கையில் உட்கார வைப்பார்.

எல்லோருக்கும் கடைசியாக அவர் உள்ளே போனார். ரெஜினா ஜன்னலோரம் சிரித்தபடி இருந்தாள். நாற்காலி அவளுடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டு விலகியது. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூப்போலத் தூக்கிச்சோ?"

"ஒங்களுக்குப் பொறாமையா?"

"மெஷின் மேல என்ன பொறாமை?"

"நீங்க தூக்கையில நான் ஏன் கண்ண மூடிக்கிடுவேன்னு தெரியுமா?"

"எம்மேல உள்ள நம்பிக்கையில." அதில் அவருக்கு எப்போதும் பெருமை உண்டு.

"எல்லாரும் நம்மளையே பாப்பாவ. அந்த வெக்கத்துல. இன்னைக்குத்தான் கண்ணத் தொறந்துகிட்டு ஏறுனேன்."

விமானம் சென்னை வந்து நின்றது.

இறங்கும்போது நாற்காலி வந்து அவளிடம் கைகளை நீட்டியது. அதை எட்டி உதைக்கலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. பிறகு எழுந்து வழிவிட்டார்.

"பாத்துத் தூக்குடே" என்றார் நாற்காலியிடம். "எடது காலு தானா மடங்கிக்கிடும்."