சுவருக்கு இரண்டு பக்கமும்

காலை வெயில் கூரை ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கி, நேற்றுக் குமுளியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த பலாப் பலகைகளின் மேல் மஞ்சளுக்கு மஞ்சளாகப் படிந்திருக்கிறது. போன வருசம் சாய்த்து வைத்த பலகைகள் சாரல் காற்றில் வில்லாக வளைந்து, அவற்றில் செய்த கதவு நிலையில் பொருந்தாமல் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை படுக்கப் போட்டே காயவைப்பது என்று சுருளியாண்டி ஆசாரி தன் வீட்டுப் பட்டறையின் மண்சுவரில் வேங்கை மர முளைகளை அறைகிறார். கடைசி முளையில் சுத்தியல் விழுந்ததும் சுவருக்கு அப்பால், அடுப்படியில், மண் பொலபொலவென்று உதிர்கிறது. “ஏங்க, உங்க முளையெல்லாம் இங்கன வந்து எட்டிப் பாக்குது!” என்று அவர் மனைவி முருகம்மாள் கத்துகிறாள். சுவரின் கனத்தை அளக்காமல் முளை வெட்டியவர் அவர்தான். முதல் பலகையைத் தூக்கி முளைகளின் மேல் வைக்கிறார். முளைகள் நூலளவு தலை கவிழ்கின்றன. சுவரில் மயிரிழையாக ஒரு கீறல் ஓடுகிறது. பலகையை அடியில் தாங்கியபடி மூச்சைப் பிடித்து நிற்கிறார்.

அந்தப் பக்கம் கயிறு முறுகும் சத்தம். கவிழ்ந்த முளைகள் மெல்ல நிமிர்கின்றன. “என்னடி செஞ்ச?” “இங்கன நீட்டிக்கிட்டிருந்த முளை ஒண்ணுல புளிப்பானை உறிய, இன்னொண்ணுல உப்புப்பானை உறிய மாட்டிட்டேன். பத்து வருசமாக் கேட்ட முளை இன்னைக்குத்தான வந்திருக்கு!” அவர் கையை எடுக்கிறார். பலகை அசையவில்லை. காற்றுப் போக அதன் மேல் குச்சிகளைப் பரப்பிவிட்டு, அடுத்ததைத் தோளில் ஏற்றுகிறார். “ஏ முருகம்மா, ரெண்டாவது ஏறுது!” “ஏத்துங்க, இங்கன பருப்புப்பானை தயாரா இருக்கு,” என்கிறது சுவர்.