இருபதடி வழி

“இருபதடி நிலத்தை மானுக்கு விடச் சொல்லுறியளோ, அங்கிள்?”

சுபாங்கி கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியே பக்கத்து வீட்டுப் பத்மநாதன். கையில் நகரசபைப் படிவம்.

நகரோரத்து மல்வேர்னில் அவர்களுடைய வரிசையிலிருந்த ஆறு வீடுகளின் பின்வளவுகளும் இரண்டு காடுகளுக்கு நடுவே கிடந்தன. விலங்குகள் போய்வர வழிவிடும் திட்டம் ஒன்று வந்திருந்தது. வேலியைக் கழற்றி, வளவின் கடைசி இருபதடியில் மரம் நடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே எதுவும் கட்ட முடியாது. ஆறு வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். மிச்சம் சுபாங்கி மட்டும்தான்.

“போன மாசம் தாய்மான் வேலிக்கு அங்கால, குட்டி இங்கால நிண்டது, பிள்ளை. பின்னேரம் முழுக்க ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிண்டுதுகள். கடைசியில தாய் றோட்டால சுத்தி வர வெளிக்கிட்டுது. கார் அடிச்சுப்போட்டுது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“குட்டி இன்னும் வேலியடிக்கு வந்து பாக்குது.”

“நாங்கள் ரெண்டு வேலை செய்து வாங்கின வீடு, அங்கிள். அந்த இருபதடியில, இருந்து கதைக்கப் பலகையால டெக் போட இருக்கிறம். நீங்கள் தனியாள், உங்களுக்கென்ன நட்டம்?”

பத்மநாதன் படிவத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, தேத்தண்ணி ஊற்றும்போது சுபாங்கி யன்னலால் பார்த்தாள். குட்டி நின்றது. வேலிக் கம்பியில் மூக்கை வைத்தபடி, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு. தேத்தண்ணி ஆறிய பிறகும் அது அசையவில்லை.

மத்தியானம் படிவம் வாங்க நகரசபையிலிருந்து கஜனி வந்தாள். சுபாங்கி கையெழுத்து வைத்தாள்.

“குட்டிக்காகத்தான் வைக்கிறன், அந்த மனுசனுக்காக இல்லை. பெத்த மகள் வன்கூவரில. நாலு வருசமாப் பேரப்பிள்ளையளின்ர முகம் பாக்கேல்லை. அதுக்கு அழக் காணேல்லை, மானுக்கு அழுறார்!”

கஜனி படிவத்தை மெல்ல மடித்தாள்.

“மகள் குடும்பத்தோட இங்க வாறதா இருந்தவ, அக்கா. அவைக்கெண்டு பின்வளவில, அந்த இருபதடியில, சின்ன வீடொண்டு கட்ட அங்கிள் எங்களிட்டப் பேர்மிற்றும் எடுத்து வைச்சிருந்தார். அதைத் திருப்பித் தந்திட்டுத்தான் முதல் கையெழுத்தை வைச்சவர்.”