அருமையான கேள்வி

"அப்பா, இந்த ஒரு கணக்கு மட்டும்…"

"ஏன் உயிரை வாங்கறே? வேலையா இருக்கேன்ல, நெட்ல தேடிக்கோ!" லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா எரிந்து விழுந்தார்.

மகள் தன் அறைக்குப் போய், மாணவர்களின் சந்தேகம் தீர்க்கும் இணையதளம் ஒன்றில் புனைபெயரில் அதே கணக்கைக் கேட்டாள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்து விழுந்தது.

"அருமையான கேள்வி, கண்ணா! புரியலைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் கேளு." கீழே ஒவ்வொரு படியாக, பொறுமையான விளக்கம்.

புரிந்துவிட்ட கணக்கையே மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அந்தக் 'கண்ணா' வந்தது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா, "யாருடி இவ்வளவு அன்பா சொல்லித்தர்றது?" என்றாள்.

"அப்பாதாம்மா. கேக்கறது நான்தான்னு சொல்லித் தொலைச்சிடாதே. அப்புறம் பதிலே வராது."