இரவல் மேகம்

"இந்த மேகம் எங்கேர்ந்து வந்துச்சி?"

கிருஷ்ணசாமி பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். படத்தின் முதுகில் தெய்வசிகாமணி என்று பெயர் எழுதியிருந்தது. பெயருக்கு உரியவன் எதிரே கைகட்டி நின்று, காலடியில் பூமி பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

புகைப்படப் போட்டியில் அவனுக்குப் பரிசு இல்லை என்பது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. ஏன் இல்லை என்று கேட்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் ஸ்டூடியோவுக்கு வரலாம் என்று நடுவரான கிருஷ்ணசாமி சொல்லியிருந்தார். தோற்றவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவன் ஒருவன்தான் போனான்.

போகாமல் என்ன செய்வான்? மில்லில் வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. கிருஷ்ணசாமியின் கேமராமேன் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டான், அவர் ஆள் தேடுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பரிசுதான் போயிற்று, வேலையாவது கிடைக்காதா என்ற நப்பாசை.

மனைவி கமலவேணியும் கூட வந்திருந்தாள். வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வெயில் கடல் பக்கத்துலேர்ந்து அடிக்குது. மேகம் மட்டும் எதிர்ப்பக்கம் மினுங்குது. வேற நெகட்டிவ்லேர்ந்து இரவல் வாங்கிச் சேத்தது. அப்படித்தானே?"

"ஆமாங்க மிசியே" என்றான், ஐயா என்பதற்கு ஊரில் வழங்கும் பிரெஞ்சு மரியாதையோடு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கண்ணாடி கீழே நகர்ந்தது. படத்தில் இருந்த கிழவியின் முகச் சுருக்கத்தையெல்லாம் பென்சிலால் மூடி, உரித்த முட்டை மாதிரி ஆக்கியிருப்பதைக் காட்டினார். மணலில் கிடந்த எதையோ பிளேடால் சுரண்டியதில் தழும்பு விழுந்திருப்பதைக் காட்டினார். கிழவிக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குப் புருவத்தைத் தீட்டப் போய், இரண்டும் இரண்டு அளவில் நிற்பதையும் விடவில்லை. கோபமே இல்லாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. மானம் போனது. பெஞ்சுப் பக்கம் அவன் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

"ஆனா படம் இருக்கே..." என்று கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கீழே வைத்தார்.

வைத்திக்குப்பம் கரையில் கட்டுமரம் திரும்பக் காத்திருக்கும் நாலு மீன்காரப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிழவி பொக்கை வாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்திகூட முந்தானைய இழுத்து மூடல, பாரு. நான் கேமராவோட போய் நின்னா கூடையத் தூக்கிக்கிட்டுப் பூடுவாளுங்க. முப்பது வருசமா இப்படி ஒண்ணு எடுக்க எனக்குக் குடுத்து வைக்கல. கைவைக்காம அனுப்பியிருந்தா மொதப் பரிசு இதுக்குத்தான்."

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறதா, புதிதாக ஒரு பிரிண்ட் போடலாமா என்று கேட்டார். சுரண்டியதே நெகட்டிவில்தான் என்று இவன் சொன்னதும், பல் வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"படம் எடுத்த கை இந்த வேலைய செய்யாது. யாரு பண்ணது இது?"

கையில் வந்த வேலை நழுவுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. தொண்டையைச் செருமினான்.

"என் சம்சாரம்ங்க."

சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பிழைப்புக்காகக் கட்டினவளை அந்நிய மனிதர் எதிரில் கைகாட்டிவிட்டு நிற்கிற தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. வேலை தேடுகிறவன் வாய் அப்படித்தான், முன்னால் போகுமே தவிரப் பின்னால் வராது.

கிருஷ்ணசாமி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, ஆசை இருக்கலாம், தப்பில்ல. தெரியாத வேலையில கை வைக்கக் கூடாது. இனிமே இவன் எடுக்குற படத்தத் தொடாத."

கமலவேணி எழுந்து நின்றாள். புருஷனை ஒரு கணம் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். அன்றைக்கே லாஸ்பேட்டையில் ஒரு கல்யாணம் இருப்பதாகவும், பெண்கள் பக்கத்துப் படமெல்லாம் இவன் பொறுப்பு என்றும், இந்த மீன்காரிகள் மாதிரியே அவர்களும் கூச்சமில்லாமல் சிரிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஏழு மாதமாக வேண்டாத தெய்வம் இல்லை. வேண்டியது கிடைத்தும் தெய்வசிகாமணிக்குத் தலை நிமிரவில்லை. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அவள் பாட்டுக்கு நடந்து வந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டியதும் அவனே கேட்டான்.

"கோவமா கமலா? வேலை கைவிட்டுப் போயிடுமோன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"நீ பண்ண பென்சில் வேலைய என் தலையில போட்டுட்ட, போவட்டும்" என்றாள் கமலவேணி. "திங்கக்கெழமயும் நான்தான்யா படம் எடுக்கணுமா?"